ஏழாம் நம்பர்

"நேத்து கடைசியா கம்ப்யூட்டரைத் தொட்டவ இவதான். இன்னிக்கு ஹார்ட் டிஸ்க் செத்துக் கிடக்கு. இனிமே வேலைக்கு வராதேன்னுட்டேன்," என்றார் மயிலாப்பூர் டி.டி.பி. சென்டர் முதலாளி சுந்தரராமன்.

வர்ஷினி தோளில் கைப்பையோடு வாசலை ஒட்டி நின்றாள்.

மெக்கானிக் டில்லிபாபு பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தான்.

"டிஸ்க் நல்லாத்தான் கீது சார். இந்த ஸ்கஸி மாடல் டிஸ்குக்கெல்லாம் தனி நம்பர் வைக்கணும். ஏழு, உள்ள டிஸ்கை ஓட்டற கார்டோட நம்பர். டிஸ்குக்கும் யாரோ அதையே வச்சிகீறாங்க. அப்புறம் எப்படி ஓடும்?"

"இவதான் நோண்டியிருப்பா."

"எனக்கு அந்த மூடியைக் கழட்டவே தெரியாது சார்," என்றாள் வர்ஷினி.

"மூணுன்னு மாத்திடறேன், ஓடும்," என்றான் டில்லிபாபு.

சுந்தரராமன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"மூணு வேண்டாம்ப்பா, எனக்கு ஆகாது. ஜோசியர் சொல்லித்தானே நேத்து ராத்திரி நான் ஏழு..."

சட்டென்று அவன் கையை விட்டார்.

வர்ஷினி உள்ளே வந்து, கைப்பையைத் தன் மேஜையில் வைத்தாள்.