வெள்ளிக்கிழமை மல்லி

கஸ்தூரி மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவே இல்லை. பூச்செடிகளே உலகில் தோன்றாத காலத்துப் பாறையை இடித்தெடுத்த தூள் அது. அதில் ஒரே ஒரு மகரந்தத்துகள், உடம்பெல்லாம் வலைப்பின்னலோடு, அசல் மல்லிகை. இது நிஜமென்றால், எந்தப் பூவுக்குப் பிறகு எந்தப் பூ வந்தது என்று அவள் பாதி ஆயுளைக் கொட்டி எழுதிய ஆய்வு அத்தனையும் குப்பை. அந்த ஆய்வின் கட்டுரையை இன்றைக்கு அனுப்பியாக வேண்டும்.

உதவியாளர் ஷப்னம் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கஸ்தூரியின் கொண்டையைப் பார்த்தாள்.

“டாக்டர், இன்னிக்கு வெள்ளிக்கிழமை லா. கோயிலுக்குப் போயிட்டு நேரா இங்க வந்துட்டீங்களா?”

கஸ்தூரியின் கை தலைக்குப் போனது. மல்லிகைச் சரம் இருந்தது.

“அலமாக்! இதுலேருந்துதான் விழுந்திருக்கு!”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். துகள் இருந்த கண்ணாடித் தகடு குப்பைக்கூடைக்குப் போனது. ஷப்னம் சூடாக உருளைக்கிழங்குக் கறிபாப் வாங்கி வந்தாள். காலையிலிருந்து எதையும் தொடாத கஸ்தூரி மூன்று தின்றாள். கட்டுரையை அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினாள். வழியில் செடெனாக் பக்கம் வண்டிகள் நகராமல் நின்றபோதுகூடப் பாடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கொண்டையை அவிழ்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் செய்வதுபோல, சரத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, கிளிப் மாட்டி ஜன்னலோரம் காயப் போட்டாள். தங்காக் ஊர்த் துணிக்கடையில் வாங்கிய துணிப்பூ. வருஷக்கணக்காகியும் ஓர் இதழ்கூடப் பிரியவில்லை.

“அப்பாடா” என்று விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.