அறந்தாங்கி மேசை

எட்டு நாற்காலிகள். அவர் ஒருவர்.

மேசையின் நடுவில் ஒரு சின்னப் பலகை: அறந்தாங்கி.

பக்கத்து மேசை பெங்களூர். அதற்கடுத்தது டெல்லி. பிறகு கொல்கத்தா, ஹைதராபாத். எந்த ஊர்ச் சட்டக் கல்லூரியில் படித்தவரோ அந்த மேசை. வக்கீல் நிறுவனத்தின் ஆண்டு விழாவில் மத்தியானச் சாப்பாடு அப்படித்தான்.

கல்லூரிக்கு ஒரு மேசை என்பது விதி. விதியை எழுதியவர்கள் வக்கீல்கள். ஓர் ஆளுக்காக அதை மாற்ற முடியாது.

பத்தொன்பது வருடமாக அந்த மேசையில் இருக்கிறார்.

அவரை யாரும் தேர்ந்தெடுத்து வேலைக்கு வைக்கவில்லை. பாரிமுனையில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸை இந்தப் பெரிய நிறுவனம் வாங்கியபோது, பதினான்கு இரும்பு பீரோ, ஒரு தண்ணீர் வடிகட்டி, அவர் என்று பட்டியலோடு வந்து சேர்ந்தார்.

பீரோக்களை அந்த வருடமே விற்றுவிட்டார்கள்.

முதல் விருந்தில் எட்டு சூப் வந்தது. ஒன்றைக் குடித்தார். மூன்றாம் வருடம் மனசு கேட்காமல் இரண்டு. ஆறாம் வருடம் மேசைக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இவர் மேசையில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. முதல் சுற்றில் முடிவு தெரியவில்லை. தனக்குத்தானே போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது சுற்றில் ஜெயித்தார்.

கைதட்டினார்கள். அவரவர் மேசையிலிருந்து.

வருத்தக் கடிதம் அவர் பொறுப்பு.

வேலை கேட்டு வருகிற விண்ணப்பங்களில் பெரிய கல்லூரிகளுக்குத் தனித்தனி நிறத்தில் ஃபைல் உண்டு. மிச்சமெல்லாம் 'இதர' என்று ஒரே கட்டு. அந்தக் கட்டை யாரும் பிரிப்பதில்லை. வருந்துகிறோம் என்று கடிதம் போகும். அடியில் அவர் கையெழுத்து.

அறந்தாங்கிப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு அப்படி வருந்தியிருக்கிறார்.

இந்த வருடம் பன்னிரண்டாவதாக ஒன்று வந்தது. மு. உமையாள்.

என்ன தோன்றியதோ, படித்துப் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. பேனாவை மூடி வைத்தார். பிறகு அந்தத் தாள்களை எடுத்துப் பச்சை ஃபைலுக்குள் செருகினார்.

பச்சை என்றால் ஹைதராபாத்.

நேர்முகத்தில் மூன்று பார்ட்னர்கள் அவளைக் குடைந்து குடைந்து கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எங்கே படித்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. ஃபைல்தான் பச்சையாக இருக்கிறதே. அவள் வெளியே போனதும் ஒருவர், பேச்சிலேயே ஹைதராபாத் தெரிகிறது என்றார். மற்ற இருவரும் அதை அப்போதே கவனித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

விழுப்புரத்துக்கு வடக்கே அவள் வந்ததே அன்றுதான்.

வேலை கிடைத்தது. ஆறு மாதம் ப்ரொபேஷன். நாலாவது மாடியில் இடம். இவர் தரைத்தளம்.

யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. விருந்துக்கு மட்டும் ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

நூறு பக்க ஒப்பந்தத்தில் ஒரு கால்புள்ளி விடுபட்டால் கண்டுபிடிக்கிற மனிதர். இன்று வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்க்கும்வரை அவருக்கு அது தோன்றவே இல்லை.

ஹைதராபாத் மேசை. எட்டாவது பெயர், மு. உமையாள்.

அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் எழுதிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவன் ஹாஸ்டல் வார்டனைப் பற்றி ஏதோ கேட்டான். சிரித்து வைத்தாள். பிறகு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

பலகை கண்ணில் பட்டுவிட்டது.

எழுந்து வந்தாள். அசலூர் பஸ்ஸில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்துவிட்ட முகம்.

"சார், நீங்க அறந்தாங்கியா? நம்ம காலேஜா சார்?"

ஹைதராபாத் மேசையில் இரண்டு தலைகள் திரும்பின.

அவள் கை அவருக்குப் பக்கத்து நாற்காலியின் முதுகில் இருந்தது. இழுத்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் யாராவது அந்தப் பச்சை ஃபைலைத் திறந்து படித்துவிடுவார்கள்.

"இங்க ஆள் வர்றாங்கம்மா" என்றார்.

அவள் நாற்காலிகளைப் பார்த்தாள். ஏழும் காலி.

"எல்லாத்துக்குமா சார்?"

"எல்லாத்துக்கும்."

கையை எடுத்துக்கொண்டாள். சாரி சார் என்றாள். போகும்போது பலகையை இன்னொரு முறை படித்தாள்.

அதற்குள் அவள் இடத்தில் ஒரு பார்ட்னர் உட்கார்ந்து தன் கல்லூரிக் கதையை ஆரம்பித்திருந்தார். எழுந்திருக்கிறவர் மாதிரித் தெரியவில்லை. அவள் தட்டோடு நின்றாள்.

ஓட்டல் சிப்பந்தி இவரிடம் வந்தார். பக்கத்து நாற்காலியைத் தொட்டார்.

"சார், அந்த மேடத்துக்கு ஒரு சேர் வேணும். இதுக்கு ஆள் வர்றாங்களா?"

அவர் அந்த நாற்காலியை வெளியே இழுத்துக் கொடுத்தார்.

"வர்றதா இருந்தாங்க. எடுத்துட்டுப் போங்க."