மூன்றாவது படம்

ஒரு கணம் தயங்கட்டும், மாதாவே. ஒரே ஒரு தரம் இவன் தயங்கினால் போதும்.

நிஷானின் முதுகுக்குப் பின்னால் நின்ற அஞ்சலீனா மனதுக்குள் மன்றாடினாள். அப்பா போன பிறகு, இரண்டு வயதிலிருந்து அவள் கையில் வளர்ந்த தம்பி அவன். அவன் பிழைவிட வேண்டுமென்று நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த அந்த நிலவறைத் துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்தில், வங்கிக் காசு ஏற்றும் வான் வண்டிகளுக்குக் காவல் போகிறவர்களை ஆறு வருடமாக அவள்தான் பழக்குகிறாள். "முதல் கையைப் பார், பேந்து சுடு" என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பாள். நிஷானின் கடைசிச் சோதனைக்கான ஆளுயரப் படங்களைக் காலையில் அவளே ஒட்டியிருந்தாள். கத்தி ஓங்கியவன், துப்பாக்கி நீட்டியவன், கோட்டுப் பைக்குள் கைவிட்டவன் என்று ஆறு பேர்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆறு வெடி. அவன் எங்கும் தயங்கவில்லை.

நிஷான் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் காதுக் கவசத்தைக் கழற்றினான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆறும் நெஞ்சில! உங்கட வெள்ளைக்காரப் பெடியள் ஆராவது இப்பிடிச் சுட்டவங்களோ, அக்கா?"

"இல்லை."

"பேந்தென்ன? கையெழுத்தைப் போடுங்கோ. வேலை வந்தால்தான் மெலனியின்ர தேப்பன் கலியாணத்துக்கு ஓமெண்டுவார். டவுன்டவுனில கோப்பை கழுவுறவனுக்கு ஆர் பொம்பிளை தரப்போறாங்கள்?"

அந்த வேகம் அவள் பழக்கியதுதான். படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இந்தாளை ஏன் சுட்டனி?"

"பொக்கற்றுக்குள்ள கை விடுறான், தெரியேல்லையோ? அவன் என்னத்தை எடுக்கிறான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டால், பிறகு என்ர சவப்பெட்டியைத்தான் நீங்கள் தூக்க வேணும்."

"அவன்ர கையில ஒண்டும் தெரியேல்லையே."

"ஒரு கடதாசிப் படத்துக்கு இவ்வளவு வழக்கோ? போடுங்கோ, அக்கா. நான் உங்கட தம்பியெல்லே."

அஞ்சலீனா பேனாவை மூடினாள். கையெழுத்திடாத படிவத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"மன்னார் ஆமிச் செக்பொயின்ரில அப்பாவும் அடையாள அட்டை எடுக்கத்தான் பொக்கற்றுக்குள்ள கை விட்டவர்."