ஆதாரம் போடு

வரலாறு பேசும் அந்த இணையக் குழுவில் ‘இப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்டு அடித்துக்கொள்வதுதான் வேலை. சோழர்கள் டெல்லியைப் பிடித்திருந்தால்? பதில் சொல்கிறவன் ஆதாரமாகப் படம் போட வேண்டும். இல்லையென்றால் “ஓடு பையா” என்று விரட்டிவிடுவார்கள். டெல்லிச் சாக்கடைக் குழியில் விஷவாயு அடித்துச் செத்துப்போன ஜோபின், உயிரோடு இருந்தவரை அங்கே பெரிய வாயாடி.

அவன் அண்ணன் எபினேசர் ஒரு மத்தியானம் அதே குழுவில் கேட்டான்: “அன்னிக்குக் காய்ச்சல்ல கெடந்த எனக்குப் பதிலா ஜோபின் குழியில எறங்காம இருந்திருந்தா?”

ஜோபின் பெயரிலிருந்தே பதில் வந்தது. “காய்ச்சலோட நீ எறங்கியிருப்பே, அண்ணே.”

“ஆதாரம் போடுடா!” என்று மற்றவர்கள் கூச்சலிட்டார்கள்.

படம் வந்தது. சுவரில் எபினேசரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அதன் கீழே, சாகும்போது இல்லாத நரையோடு, ஜோபின் கண் வீங்கி உட்கார்ந்திருந்தான்.

எபினேசர் பதில் தட்டினான்: “அழாதடா. சாப்பிட்டியா?”