மேசை மேலிருந்த கான்கிரீட் துண்டு

கட்டிப் பதினைந்து வருஷத்தில் அடுக்குமாடி விரிசல் விட்டு, குடியிருந்தவர்கள் எல்லாரும் பில்டர் மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, கண்ணுகளா? கட்டட வழக்குகளில் தோற்றதே இல்லை என்று பேரெடுத்த வக்கீலம்மாவைத் தேடிப் போனார்.

"நீங்க முதல்ல இன்ஜினியராமே?"

"ஆமா சார். ஒரே ஒரு சைட்ல வேலை பார்த்தேன். கலவை சரியில்லைன்னு எழுதிக் கொடுத்தேன். அன்னிக்கே விரட்டிட்டாங்க. அப்புறம்தான் சட்டம் படிச்சேன்."

"உங்களைப் போய் விரட்டியிருக்கானே, எந்த மடையன்மா அவன்?" என்று உச்சுக்கொட்டினார் பில்டர்.

வக்கீலம்மா சிரித்துக்கொண்டார்.

பில்டரின் கை சும்மா இல்லை. மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த கான்கிரீட் துண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. விரலெல்லாம் மணல்.

"என்னம்மா இது, பிஸ்கட் மாதிரி உதிருது? எவன் போட்ட கலவை?"

"திருப்பிப் பாருங்க சார். சோதனைக்கு எடுத்தது. கட்டடத்துப் பேரும் தூண் நம்பரும் தேதியும் கீறியிருக்கும்."

திருப்பினார். அவருடைய அடுக்குமாடியேதான். மூன்றாவது தூண்.

நிமிர்ந்து வக்கீலம்மாவின் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். துண்டை மெல்ல மேசையில் வைத்தார்.

"அப்ப... எனக்காகக் கோர்ட்டுக்கு வர மாட்டீங்களா?"

"வராம இருப்பேனா?" கை துடைக்கத் துணியை நீட்டினார் வக்கீலம்மா. "வக்கீலா இல்ல சார். சாட்சியா வர்றேன்."