சந்திரமோகன் சேருக்குப் பிரியாவிடை

“‘போய் வாருங்கள்’னு எழுதாத சுஜன். அழிச்சிரு” என்றாள் கேஷானி. “‘பிரியாவிடை’ன்னு மட்டும் போடு. அதுதான் மரியாதையா இருக்கும்.”

சுஜன் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வண்ணச் சோக்கால் பெரிதாக எழுதினான்: ‘எங்கள் கணித ஆசான் சந்திரமோகன் அவர்களுக்குப் பிரியாவிடை.’

புளத்கொகுபிட்டிய டவுனுக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்த அந்தத் தோட்டப் பாடசாலையின் பதினொன்றாம் தரத்தில் மொத்தமே ஒன்பது பேர். ஒன்பது பேரும் காலை ஏழு மணிக்கே வந்து பலூன் ஊதி, மேசைக்கு விரிப்புப் போட்டிருந்தார்கள். நடுவில், டவுனில் பேக்கரி வைத்திருக்கும் பஸ்னாவின் வாப்பா கொடுத்தனுப்பிய கேக்.

சந்திரமோகன் சேர் பத்து மணிக்கு வந்தார். வழக்கம்போலக் காதில் ஃபோன், ஃபோனில் காணி புரோக்கர். அவர் பேசி முடிக்கும்வரை பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

“பரவாயில்லையே! கணக்குத்தான் வராது, பலூன் ஊதவாவது வருது” என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்று வருடமாக அவருடைய பகிடிகளுக்குச் சிரித்துப் பழகியவர்கள்.

அந்த மூன்று வருடத்தில் சேர் எந்தப் பாடப் புத்தகத்திலும் பாதியைத் தாண்டியதில்லை. கேட்டால், “றப்பர் பால் வெட்டப் போறவனுக்கு அட்சரகணிதம் எதுக்கு?” என்பார். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருந்தது. கணிதத்தில் கோட்டை விட்டால் படிப்பு அதோடு சரி என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவருடைய சொந்தப் பிள்ளைகள் டவுனில் படித்தார்கள்.

வகுப்புத் தலைவி கேஷானி முன்னால் வந்து தாளைப் பார்க்காமலே பேசினாள்.

“சேரோட திறமைக்கு எங்க ஸ்கூல் பத்தாதுங்க. பெரிய எடத்துலதான் சேர் இருக்கணும். இவ்வளவு நாளும் எங்களோட கஷ்டப்பட்டீங்க.”

சிங்களப் பாடத்தில் எப்போதும் முதலாவதாக வரும் பஸ்னா, குனிந்து லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சேருக்குப் பெருமையாக இருந்தது.

கேக்கை வெட்டி முதல் துண்டைத் தானே சாப்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“உண்மையச் சொல்றேன். எனக்கு டவுனுக்கு இந்த இடமாற்றம் சும்மா கிடைக்கல. என்னைப் பாராட்டி வலயக் கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் போயிருக்கு. சுத்தமான சிங்களத்துல, ரெண்டு பக்கம்! ‘இப்படி ஒரு ஆசிரியரை மலையில ஒளிச்சு வைக்கிறது அநியாயம், டவுன் பிள்ளைகளுக்கும் இவர் கிடைக்கணும்’னு எழுதியிருக்காம். டிரெக்டரே ஃபோன்ல வாசிச்சுக் காட்டினார்.”

“யாருங்க சேர் எழுதினது?” என்று சுஜன் கேட்டான்.

“‘நலன்விரும்பிகள்’னு மட்டும் போட்டிருந்துச்சாம். டவுன்ல படிச்ச ஆட்கள் யாராவது இருப்பாங்க. உங்க அம்மா அப்பாவா எழுதப் போறாங்க? அவங்களுக்குக் கைநாட்டு வைக்கத்தானே தெரியும்.”

கேஷானியின் அம்மா கைநாட்டு வைப்பவர்தான். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை இறுகப் பிடித்தாள். முகத்திலிருந்த சிரிப்பை மட்டும் விடவில்லை.

சேர் இரண்டாவது துண்டை எடுத்தார். “உங்க முகத்தையெல்லாம் பார்த்தா பாவமா இருக்கு. பேசாம இடமாற்றத்தை நிறுத்திட்டு, பரீட்சை வரைக்கும் இங்கேயே இருந்திடவா? டிரெக்டருக்கு ஒரு ஃபோன் கோல் போட்டா முடிஞ்சது.”

ஒன்பது முகங்களும் வெளிறிப்போயின.

“வாணாம் சேர்!” பஸ்னா பதறிப்போய் எழுந்தாள். “எங்களுக்காக நீங்க ஒங்கட முன்னேற்றத்த விடப்படாது!”

“அதுவும் சரிதான்” என்றார் சேர், உடனே. அந்தத் தியாகத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

“நான் போய் த்ரீவீல் கூட்டிட்டு வாறேங்க சேர்!” என்று சுஜன் வாசலைத் தாண்டி ஓடினான்.

சேர் பாடசாலை அதிபரின் அறைக்குப் போய், விடுவிப்புக் கடிதத்தோடு திரும்பினார். வாசலில் காத்திருந்த கேஷானி பணிவாகக் கேட்டாள்: “கையெழுத்தெல்லாம் வச்சாச்சுங்களா சேர்?”

“வச்சாச்சு. இந்த நிமிஷத்துல இருந்து எனக்கும் இந்த ஸ்கூலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

ஒருத்தி பையைத் தூக்கினாள், ஒருவன் குடையைப் பிடித்தான். மிச்சக் கேக்கைச் சேரே பெட்டியோடு எடுத்துக்கொண்டார். பிள்ளைகளில் யாரும் அதை ருசி பார்த்திருக்கவில்லை.

த்ரீவீலில் ஏறி உட்கார்ந்தவர் வெளியே தலையை நீட்டினார். ஒன்பது பேரும் கைகட்டி வரிசையாக நிற்பதைப் பார்த்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போல் இருந்தது. பிள்ளைகளுக்கு அல்ல.

“அந்தக் கடிதம் எழுதின மனுஷன் யாருன்னு தெரிஞ்சா, கையெடுத்துக் கும்பிடுவேன்” என்றார்.

த்ரீவீல் உறுமிக் கிளம்பியது. கேஷானி இரண்டடி முன்னால் வந்து, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்:

“நாங்கதாங்க சேர்! மூணு தடவ குறை சொல்லி எழுதினோம், யாரும் அசையல. அதான் நாலாவது தடவ புகழ்ந்து எழுதினோம்!”