6213 பதில் சொல்லவில்லை

கடிதம் மேசைமேல் குப்புறக் கிடந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

நாளையிலிருந்து குல்லா வேலைக்கு வர வேண்டாம்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கணினிக் கூடத்துக் குளிருக்குப் பயந்து பன்னிரண்டு மாதமும் கம்பளிக் குல்லாவோடு அலைவார். அதில் பெயரை எல்லோரும் மறந்துவிட்டோம். பழுதான போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவது அவர் வேலை. ஐம்பத்து நான்கு வயது. இது போனால் இன்னொரு வேலை என்பது குதிரைக்கொம்புதான்.

கூடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கணினிகள். அத்தனையும் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும்.

அவற்றை மேய்க்கும் மென்பொருள் என்னுடையது. மேஸ்திரி உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு விநாடியும் ஒவ்வொன்றிடமும் "இருக்கியா?" என்று கேட்கும். மூன்று முறை பதில் வராவிட்டால் அந்தக் கணினி செத்தது என்று எழுதிவிட்டு, அதன் வேலையை மற்றவற்றின் தலையில் கட்டும். அழுதுகொண்டிருக்க நேரம் கிடையாது.

இத்தனையும் சேர்ந்த இந்த இயந்திரத்தை வாங்க வந்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். எட்டு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும், ஒரு கணினிகூட விழக் கூடாது.

மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் நான்காவது மணி நேரத்தில் ஒன்று விழுந்தது. மூன்று முறையும் அதே எண், 6213.

"என் வண்டி நம்பர் மேடம் அது. ராசியில்லாத நம்பர்போல," என்று முதல் முறை குல்லா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். மேடம்கூடச் சிரித்தார். மேடம் என்றால் எங்கள் கூடத்துக்குத் தலைவி.

6213 விழுந்த மறுகணமே என் மென்பொருள் அதன் வேலையைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டது. கணக்கு நிற்கவே இல்லை. வந்தவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். அப்படியே மேடம் பக்கம் திரும்பி, இருந்தாலும் நிபந்தனை நிபந்தனைதான் என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விழுந்தது ஐந்தே விநாடியில் தானாக எழுந்து "இருக்கேன்" என்றும் சொன்னது. சூடேறிய பிறகு விழுந்து தானே எழுந்தால் அது லூஸ் கனெக்‌ஷன். எங்கள் தொழிலில் இது எழுதாத சட்டம்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு குல்லா போர்டை மாற்றினார். இரண்டாவதற்குப் பிறகு போர்டு, கேபிள், பவர் சப்ளை என்று ஒன்று விடாமல் மாற்றினார். நேற்று மூன்றாவதும் போனது. பொருள் எல்லாம் புதுசு, அப்படியானால் மாட்டுகிற கைதான் சரியில்லை என்று மேடம் முடிவு கட்டிவிட்டார்.

குல்லா இப்போது மேசைக்கு முன்னால் நின்று குல்லாவைக் கழற்றினார். நான்கு வருடத்தில் இன்றுதான் அவர் தலையைப் பார்க்கிறேன். வழுக்கை என்று நினைத்திருந்தேன். நல்ல அடர்த்தியான முடி.

"புதுப் போர்டும் அதே நேரத்துக்குத்தான் மேடம் சாகுது. தம்பியோட ப்ரோக்ராமை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்களேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் மேடம். ஆனாலும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். என் பக்கம் திரும்பினார்.

"காலைலயே முழுசா பாத்துட்டேன் மேடம். சுத்தமா இருக்கு."

குல்லா என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"தம்பியே பாத்துட்டா அப்ப சரியாத்தான் இருக்கும்," என்று கடிதத்தைத் திருப்பினார். அவர் பேனா எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, மறக்காமல் மூடியைப் பொருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

கதவருகே போனவர் நின்றார். "ஆறு மணிக்கு வாசல்ல நிக்கிறேன் தம்பி, வந்துடு."

இந்த நான்கு வருடமும் தினமும் என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போவது அவர்தான்.

நான் மேடத்திடம் பொய் சொல்லவில்லை. சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்பது மணியிலிருந்து.

நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு கணினி செத்தால் என் மென்பொருள் சமாளிக்கிறதா என்று பார்க்க அதில் ஒரு வரி எழுதினேன். நான்காவது மணி நேரத்தில் இன்ன எண்ணுள்ள கணினி ஐந்து விநாடி வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். எந்த எண்ணைப் போட்டாலும் ஒன்றுதான். பின்சீட்டில் ஏறும்போது தினமும் கண்ணில் படுகிற எண் கைக்கு வந்தது, போட்டேன். சமாளித்தது. வரியை எடுக்க மறந்துபோனேன்.

இன்று காலை அது கண்ணில் பட்டது. மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று எழுந்துகூட விட்டேன். கதவு வரை போனேன். எனக்குக் கை கொடுத்தவர்களின் முகம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து வரியை அழித்தேன். மென்பொருளில் செய்த மாற்றங்களைப் பதியும் குறிப்பில் 'சிறு துப்புரவு' என்று எழுதினேன். அந்தக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை.

நாளை நான்காவது ஓட்டம். எட்டு மணி நேரமும் 6213 "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பாத்தீங்களா, ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு என்பார் மேடம்.

யாராவது குல்லாவுக்கும் போன் போட்டுச் சொல்வார்கள்.

அவரும் நம்பிவிடுவார்.